வெளிச்சம் கசிந்த போர்டு

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் மில்லி. வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் மில்லிதான். யார் எந்தக் குறையோடு வந்து நின்றாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மில்லிமீட்டர்?" என்பதாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். "மில்லி வீட்டுல சண்டை போடணும்னாகூட, எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நின்னு போடணும்னு கேட்டுட்டுத்தான் போடணும்" என்று கேண்டீனில் கேலி செய்வார்கள். அவளைக் கட்டிக்கொண்டவனும் அதே கேண்டீனில்தான் சாப்பிடுவான். கொள்முதல் பிரிவின் தலைவன். அந்தக் கேலிக்கு எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவனும் அவன்தான்.

அந்தத் தொழிற்சாலை ஆஸ்பத்திரிகளுக்கு சிரிஞ்சு பம்ப் செய்து கொடுத்தது. ஊசிக்குழாயில் இருக்கும் மருந்தை, மணிக்கு இவ்வளவு என்று கணக்காக நோயாளியின் ரத்தத்துக்குள் தள்ளும் பெட்டி. உள்ளே ஒரு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு சர்க்யூட் போர்டு. போர்டின் நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு ஐசி சிப். தள்ளு, நிறுத்து, அலாரம் அடி என்று எல்லாக் கட்டளையும் அதிலிருந்துதான் புறப்படும். ஐசியைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அது சொன்னபடி கேட்பதும் கேட்காததும், அதைச் சுற்றி எதை வைக்கிறோம், எவ்வளவு தூரத்தில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. மில்லியின் வேலை அது. பத்தொன்பது வருஷமாக அதை மட்டுமே செய்துவந்தாள்.

விற்பனைப் பிரிவு ஆள் ஒருவர் ஒருமுறை அவளிடம், "ஐசிக்குக் கரண்ட் வர்ற நாலு காலுக்கும் நாலு கெபாசிட்டர் எதுக்கும்மா? ஒண்ணு போதாதா?" என்று கேட்டார். அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள்: "ஐசிக்குத் திடீர் திடீர்னு தாகம் எடுக்கும் சார். கரண்ட் வர்ற இடம் அடுத்த தெருவுல இருக்குற தொட்டி மாதிரி. விக்கல் எடுக்குறவன் அடுத்த தெருவுக்கா ஓடுவான்? கைக்கு எட்டுற தூரத்துல ஒரு சொம்புத் தண்ணி வேணும். அந்தச் சொம்புதான் கெபாசிட்டர். நாலு வாய்க்கு நாலு சொம்பு. உங்க வீட்டுல நாலு பேருக்கு ஒரே டம்ளரா?"

அவள் வரைந்த பம்ப் போர்டில் அந்த நான்கு சொம்பும் ஐசியின் கால்களிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தன. போர்டு நான்கு அடுக்கு. நடுவில் வெளியே தெரியாத இரண்டு அடுக்குகளும் முழுத் தாமிரம். மோட்டார் எவ்வளவு கரண்ட்டை இழுத்தாலும் அதன் ஆட்டம் ஐசியைத் தொடாமல் அந்தத் தாமிரம் வாங்கிக்கொள்ளும். இதை வரைய அவளுக்கு ஏழு வாரம் ஆனது. வரைந்து முடித்து மூன்று வருஷத்தில் அந்தப் போர்டுக்காக ஒரு புகார் வந்ததில்லை.

பிறகு ஒரு காலையில் சித்தப்பா வந்தார். பழுது பார்க்க ஊர் ஊராகப் போகும் மெக்கானிக். யாருக்கும் சொந்தச் சித்தப்பா இல்லை. ஆனால் தொழிற்சாலைக்கே சித்தப்பா. ஒரு பம்ப்பை அவள் மேசையில் தொப்பென்று வைத்தார்.

"இதுல பேய் புகுந்திருக்கும்மா மில்லி. வார்டுல கரண்ட் போச்சாம். பேட்டரிக்கு மாறுச்சாம். மாறுன கையோட ஒண்ணுமே தெரியாத பிள்ளை மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்குதாம். மருந்து போகலை. அலாரமும் அடிக்கலை."

"நோயாளி?"

"பொழைச்சுட்டாரு. அங்க ஒரு தலைமை நர்ஸம்மா இருக்காங்க, கழுகுக் கண்ணு. ரத்த அழுத்தம் இறங்குறதைப் பார்த்துட்டுக் கையாலயே மருந்தைத் தள்ளியிருக்காங்க. ஃபோன்ல என்னைத் தள்ளின தள்ளு இருக்கே, அது தனி."

"இந்த மாதிரி எத்தனை வந்திருக்கு?"

"இதோட நாலு. மூணைக் கோளாறு இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம டெஸ்ட் மேசையில வச்சா சமத்தா ஓடுது."

"அப்போ பேய்க்கு நம்ம ஃபேக்டரின்னா பயமாக்கும்?"

பேய், நேரம், ராசியில்லாத மெஷின் என்றெல்லாம் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அப்படிப் பேசிய நிமிஷத்தோடு தேடுவது நின்றுபோகிறது. யாரோ செய்த தவறு, யாருமே செய்யாததாக ஆகிவிடுகிறது. மில்லிக்கு அந்தப் பேச்சு ஆகாது. டெஸ்ட் மேசைக்கு யுபிஎஸ் இருக்கிறது, அங்கே கரண்ட் போவதே இல்லை என்பதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. பம்ப்பைத் தூக்கிக்கொண்டு நடைவழிக்குப் போனாள். சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் மாட்டி, ஊசிக்குழாயில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கினாள். மாட்டினாள், பிடுங்கினாள். ஒன்பதாவது தடவை திரை ஒரு கணம் வெளுத்து, அமைதியாக ஆரம்பப் பக்கத்துக்குப் போய் நின்றது. பன்னிரண்டாவது தடவை அதுவும் இல்லை. ஐசி மயங்கிக் கிடந்தது.

திருகுகளைக் கழற்றினாள். போர்டில் மூன்று கெபாசிட்டர்களைக் காணோம். பொருத்துகிற இடத்தில் விட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். உற்றுப் பார்த்தால், பொருத்துவதற்கான இடமே இல்லை. மிச்சமிருந்த ஒன்று ஐசியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தாள். முப்பத்தொன்று. மோட்டாரின் கரண்ட் திரும்பிப் போகும் மெல்லிய கோடு ஐசியின் வயிற்றுக்குக் கீழேயே ஓடியது. போர்டைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள்.

அவள் வரைந்த போர்டு வெயிலுக்குக் கதவு மாதிரி அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் தாமிரம் வெளிச்சத்தை விடாது. இதில் பச்சையாக வெளிச்சம் கசிந்தது. நடு அடுக்குகளே இல்லை. இரண்டடுக்குப் போர்டு. மூலையில் மட்டும் அவளுடைய பழைய வரைபட எண்.

"என்னம்மா, முகத்துல ஈயாடலை?" என்றார் சித்தப்பா.

"இது என் போர்டு இல்லை சித்தப்பா."

ஆவண அறைக்கு நடந்தாள். எந்தப் போர்டும் அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு ரிலீஸ் தாளில் மூன்று கையெழுத்து விழ வேண்டும்: சர்க்யூட், கொள்முதல், வரைபடம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் போர்டு போகாது. இந்த இரண்டடுக்குப் போர்டின் தாளில் சர்க்யூட்டுக்கு முதலாளியே போட்டிருந்தார்; அந்தப் பிரிவின் தலைவர் விலகியதிலிருந்து அப்படித்தான். கொள்முதலுக்குக் கணவன். வரைபடத்துக்கு அவள்.

கள்ளக் கையெழுத்து என்று நினைக்க ஆசைப்பட்டாள். ஆனால் வால் பக்கம் மை கொஞ்சம் ஊறிப் பரவியிருந்தது. ஈரக் கையால் போட்டது. போட்ட இடம் எது, நின்ற விதம் எது என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது.

அவர்களுக்குள் பல வருஷமாக ஒரு வழக்கம் இருந்தது. பகலில் அவள் கம்ப்யூட்டரில் போர்டை முழுக்கச் சரிபார்த்துவிடுவாள். தாள் சுற்றி வர நேரமானால் அவன் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருவான். அவள் சமையலறையிலேயே கையெழுத்துப் போடுவாள். மறுநாள் காலை முதல் வேலையாகப் போர்டு அச்சுக்குப் போய்விடும். ஒரு நாள் மிச்சம். இந்த வேலையில் ஒரு நாள் என்பது பெரிய விஷயம். ஒரே வேலையிடமும் ஒரே வீடும் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த மாலையில் அவள் மதியம் சரிபார்த்திருந்தது வேறொரு சின்ன மாற்றம், பேட்டரி ஒயர் மாட்டும் இடத்தை நகர்த்தியது. அந்தத் தாள்தான் என்று நினைத்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் நீட்டியது மகளின் கல்லூரி விண்ணப்பம், அதற்கு அடியில் ரிலீஸ் தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு குறி. தாள் நனையாமல் இருக்க அவனே உள்ளங்கையால் மேல் பாதியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

அன்று மாலை அதே சமையலறையில் போர்டை மேசைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், கையில் எடுக்கவில்லை.

"சொல்லுங்க."

"என்ன சொல்றது? நாலடுக்கு போர்டு கொடுக்குறவன் ரெண்டு மாசம் ஆகும்னான். முதலாளி பெரிய ஆர்டருக்கு தேதி கொடுத்துட்டாரு. ரெண்டடுக்குல பத்து நாள்ல தர்றேன்னு ஒருத்தன் வந்தான். அவனே வரைஞ்சும் கொடுத்தான். டெஸ்ட்ல பாஸ் ஆச்சு. இதுல நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டோமே! மீட்டிங்ல கேட்டப்ப நீ என்ன சொன்ன? 'ரெண்டடுக்கு வேணும்னா பொம்மை செய்யப் போங்க'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்ன. முதலாளி முகம் எப்படிப் போச்சுன்னு பார்த்தியா?"

"முடியாதுன்னு சொன்னேன். முடியாதுன்னு சொன்னதால வீட்டுல வச்சு கையெழுத்து வாங்கினீங்க."

"நீதானே போட்ட? நான் உன் கையைப் பிடிச்சா போட வச்சேன்?"

"தாளைப் பிடிச்சீங்க."

வாசற்படியில் நின்ற மகள் இப்போது மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அன்னைக்கு என் விண்ணப்பத்தை அவசரம் அவசரமா வாங்கினீங்களே. கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருந்துச்சு. இதுக்கா?"

அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். மில்லிக்குக் கையெழுத்துப் பறிபோனதைவிட இது ஆழமாக இறங்கியது. அவசரத்தில் நடந்ததில்லை. எந்தக் காகிதத்துக்கு அடியில் எந்தக் காகிதத்தை வைத்தால் அவள் படிக்கமாட்டாள் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பதினெட்டு வருஷம் கூட இருந்து அவளைப் பற்றித் தெரிந்துகொண்டதையெல்லாம் அதற்குச் செலவழித்திருக்கிறான்.

"எத்தனை பம்ப் வெளியில இருக்கு?" என்று கேட்டாள்.

"அறுநூத்தி நாப்பது."

"நாளைக்கே திரும்ப வாங்கணும்."

"உனக்குப் பைத்தியமா?"

மறுநாள் முதலாளி அவளை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். கெட்ட சகுனம் என்று சித்தப்பா சொல்லியிருப்பார். மில்லிக்குச் சகுனம் தேவைப்படவில்லை, முதலாளியின் மேசையில் தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்ததே போதும்.

"குடும்பம் மாதிரி இருக்கோம் மில்லி. இதை ஊர் சிரிக்க வைக்க வேண்டாம். சாஃப்ட்வேர்ல ஒரு மாற்றம் பண்ணுவோம். ரீசெட் ஆனா அலாரம் அடிக்கிற மாதிரி. சித்தப்பா போய் எல்லாத்துலயும் ஏத்திட்டு வந்துடுவாரு."

"ஐசியே மயங்கிக் கிடக்கும்போது அலாரத்தை யார் சார் அடிக்கிறது? நீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. தாளை நகர்த்தினார். 'வரைபடப் பிரிவின் கவனக்குறைவால் ஏற்பட்ட சிறு குறை. மென்பொருள் மூலம் சரிசெய்யப்படுகிறது.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"இதுல போட்டா வேலை இருக்கும். இல்லைன்னா, ரிலீஸ் தாள்ல இருக்குறது உங்க கையெழுத்து. உங்க புருஷன் எனக்குக் கொடுத்தது அது. நான் அதை நம்பித்தான் போட்டேன். நீங்க பார்க்காம போட்டேன்னு வெளியில சொன்னா, அப்புறம் எந்தக் கம்பெனி உங்களை ஒரு டார்ச் லைட்டு வரையக் கூப்பிடும்?"

கடைசியாகச் சொன்னதில் பொய் இல்லை. போர்டு அவளுடையது இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவளே சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷத்தில் சேர்த்தது அந்த ஒரு வரியில் போய்விடும். சொல்லாவிட்டால் பம்ப்புகள் வார்டுகளிலேயே இருக்கும். கரண்ட் போகாத ஊர் எது? செய்தவர்கள் மூன்று பேர்: வரைந்து கொடுத்தவன், அதை வாங்கியவன், தேதி கொடுத்தவர். விலை கொடுக்கச் சொல்வது, கேட்டபோது முடியாது என்று சொன்ன ஒருத்தியை. உலகத்தில் பெரும்பாலான நியாயத் தராசுகள் இப்படித்தான் தொங்குகின்றன, நாமும் எடை சரியாகத்தான் இருக்கிறது என்று சாமான் வாங்கிக்கொண்டு போகிறோம்.

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். "நல்லா இருந்துச்சு சார்" என்று எழுந்தாள்.

கடிதத்தை எழுத ஒரு மணிநேரம் ஆனது. மருத்துவக் கருவிகளை மேற்பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு ஒன்று; சித்தப்பாவிடம் இருந்த பட்டியலைப் பார்த்து நாற்பத்தொரு ஆஸ்பத்திரிகளுக்கும் அதன் நகல். முதல் வரியே, 'இந்தப் போர்டை நான் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அது என் தவறு' என்று இருந்தது. அடுத்து கெபாசிட்டர், தாமிர அடுக்கு, முப்பத்தொரு மில்லிமீட்டர். கடைசியில், பிளக்கைப் பிடுங்கி எப்படிச் சோதிப்பது என்று ஆறு வரி. கணவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவனே சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். சொல்லுவான் என்றும் நம்பினாள். இவ்வளவுக்கும் பிறகு.

சித்தப்பா பட்டியலைக் கொடுக்கும்போது, "நான் கொடுத்ததா சொல்லாதம்மா, எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்றார். அவள் சொல்லவில்லை. அன்று மாலையே வாசல் காவலாளி அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

விசாரணை மூன்றாவது வாரம் நடந்தது. நீளமான மேசை, மின்விசிறி, தலை நரைத்த அதிகாரி. அவள் ஒரு பம்ப்பைச் சுவர் பிளக்கில் மாட்டிக் காட்டினாள். அதிகாரி தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். ஏழாவது தடவை திரை வெளுத்தது. அதிகாரி குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. அவர் நிமிர்ந்து ரிலீஸ் தாளை எடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா."

"போர்டைப் பார்த்துதான் போட்டீங்களா?"

"இல்லை. வேற தாள்னு நினைச்சு வீட்டுல போட்டேன்."

அதிகாரி எதிர்ப்பக்கம் திரும்பினார். முதலாளிக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். அந்தச் சட்டையை இஸ்திரி போட்டது யார் என்று அவளுக்கு ஒரு கணம் யோசனை ஓடியது. அவளும் மகளும் இரண்டு வாரமாகத் தனி வாடகை வீட்டில் இருந்தார்கள்.

"தாளை இவங்ககிட்ட கொண்டுபோனது நீங்களா?"

"ஆமாங்க."

"இவங்க பார்த்தாங்களா?"

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "பார்த்தாங்க சார். ஆஃபீஸ்ல அவங்க சீட்டுலதான். கம்ப்யூட்டர்ல முழுசாப் பார்த்துட்டு, ரெண்டடுக்கே போதும்னு சொல்லித்தான் போட்டாங்க. நான் பக்கத்துலயே நின்னேன்."

அவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். எதற்கு என்று தோன்றியது. பம்ப் எல்லோர் கண் முன்னாலும் செத்துக் கிடந்தது. அதற்குச் சாட்சி தேவையில்லை. அவளுக்குத்தான் ஒரு சாட்சி தேவையாக இருந்தது, அந்த ஒரே சாட்சி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது.

அதிகாரி எழுதினார். அறுநூற்று நாற்பது பம்ப்புகளையும் நான்கு நாளுக்குள் திரும்பப் பெற வேண்டும். வரைபடப் பொறுப்பாளர் மருத்துவக் கருவிகளில் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்திடக் கூடாது. கொள்முதல் பிரிவுக்கு எச்சரிக்கை.

நான்காம் நாள் மத்தியானம் வாடகை வீட்டுப் படிக்கட்டில் அவன் வந்து நின்றான். கதவு திறந்திருந்தது, உள்ளே வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்போம்? ஒருத்தராவது நிக்கணும்ல? பொண்ணுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபோன் அடித்தது. முதலில் புகார் சொன்ன தலைமை நர்ஸ்.

"அம்மா, லாரி வந்துருச்சு. பதினாலு பம்ப்பும் ஏத்தியாச்சு. நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன்."

"பதினாலா? உங்க வார்டுல பதினஞ்சு இருக்கணுமே?"

"ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும்மா. ஏழாம் படுக்கையில ஒரு அம்மா. மாத்து பம்ப் மேல் மாடியிலிருந்து வரணும்."

"உங்க பக்கம் கரண்ட் எப்படி?"

"காலையிலிருந்து வந்து வந்து போகுது."

"நான் லைன்லயே இருக்கேன். நீங்க அந்தப் படுக்கைப் பக்கத்துலயே நில்லுங்க. கரண்ட் போனா திரையைப் பார்க்காதீங்க, மருந்துக் குழாயைப் பாருங்க."

"சரிம்மா."

ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம், யாரோ இருமுவது. படிக்கட்டில் அவன் இருமுறை தொண்டையைக் கனைத்தான். "நான் சொல்றதுக்கு ஒரு பதில் சொல்லேன்" என்றான். அவள் பேசாமலிருக்கும்படி கையைக் காட்டினாள். கால் மணிநேரம் போனது. அந்தப் பக்கம் ஒரு தடவை "போச்சு" என்று நர்ஸின் குரல் கேட்டது; மூச்சுவிடாமல் நின்றாள்; "மருந்து போகுதும்மா, போகுது" என்றது குரல். அரை மணிநேரம். படிகளில் காலடிச் சத்தம் இறங்கிப் போவது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாத்தியாச்சு" என்றாள் நர்ஸ். "பழையதைக் கழட்டிக் கையில வச்சிருக்கேன். லாரிக்காரனைக் கூப்பிட்டு ஏத்திடுறேன்."

"ஏத்தின பிறகு சொல்லுங்க" என்றாள் மில்லி. "அதுவரைக்கும் வைக்கமாட்டேன்."